ஒழுங்கை யாருடையது?

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை வாசித்தவர்களுக்குத் தெரியும். பரப்பும் குழியும் சொல்லி முடிந்ததும் நான்கு எல்லைகள் வரும். மூன்று பக்கம் யாராவது மாமனோ மச்சானோ பெயரோடு நிற்பார்கள். நான்காவது பக்கத்தில் 'ஒழுங்கை' என்ற ஒரு சொல் மட்டும் நிற்கும். அந்த ஒழுங்கை யாருக்குச் சொந்தம் என்று நொத்தாரிசு எழுதுவதில்லை, நாமும் கேட்டதில்லை. பள்ளிக்கூடம் போகவும் செத்தவரைத் தூக்கிக்கொண்டு போகவும் அது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

தனியார் காணி எப்படி ஊருக்குப் பொதுவான தெருவாக மாறுகிறது என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரலாறு உண்டு. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், 1707 இல் எமது வழக்கங்களைத் தேசவழமை என்று தொகுத்தார்கள். முதுசமும் சீதனமும் அதற்குள் அடங்கின. அது பேசாத இடங்களில் உரோமன் டச்சுச் சட்டம் பேசும். அச்சட்டத்தின் வேர் ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் தொகுப்பித்த உரோமச் சட்டத்தில் இருக்கிறது. அயலவர்கள் தத்தம் வயலில் ஒரு கீற்றை விட்டுக்கொடுத்து உண்டான பாதை, யார் எப்போது கொடுத்தார் என்ற நினைவே அற்றுப்போகும் அளவுக்குப் பழையதானால், அது பொதுப்பாதையாகவே கொள்ளப்படும் என்று அங்கே காண்கிறோம். எமது ஒழுங்கைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் இதுதான். இரண்டு பக்கமும் வேலியை ஒரு முழம் உள்ளே தள்ளிக் கட்டியவர்களின் பெயர் எந்த உறுதியிலும் இல்லை.

அதே தொகுப்பில் இன்னொரு விதியும் உண்டு. பொதுத்தெருவைப் பாவிக்காமல் விட்டாலும் மக்கள் அதை இழப்பதில்லை. தனியாரின் வழியுரிமை பாவனையற்றுப் போனால் அழியலாம், பொதுவழி அழியாது. வருடாவருடம் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் வெளியே நட்டு ஒழுங்கையை விழுங்கும் எம்மவர் கலைக்கு இந்த விதி எதிரி. (அந்த ஒரு சாணுக்காக எத்தனை குடும்பங்கள் தலைமுறையாகக் கோட்டுக்கு அலைந்தன!)

ஆனால் எல்லாப் பாதையும் இப்படிப் பொதுவாகிவிடாது. 1871 இன் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் தடையின்றி, உரிமையோடு நடந்தவருக்கே வழியுரிமை கிடைக்கும். காணிக்காரரின் அனுமதியில் நடந்தால் எத்தனை வருடம் நடந்தாலும் அது உரிமையாகாது. இங்கிலாந்தில் மக்கள் 20 வருடம் தடையின்றி நடந்த வழியைக் காணிக்காரர் பொதுவுக்கு அர்ப்பணித்ததாகச் சட்டம் ஊகிக்கிறது. நியூயோர்க்கில் ரொக்கஃபெல்லர் பிளாசா என்ற தனியார் தெருவை வருடத்தில் ஒரு நாள் அடைத்து வைப்பார்கள். அந்த ஒரு நாள் அடைப்பினால், மற்ற நாட்களில் நடப்பவர்கள் அனுமதியில் நடப்பவர்களாகவே கணக்கில் இருப்பார்கள். எம்மூரில் அதற்குப் படலையும் தேவைப்படவில்லை. 'நாங்கள் விட்டபடியால்தான் நீங்கள் போகிறியள்' என்ற ஒரு பேச்சுப் போதும். யாரை நோக்கி யார் இந்தப் பேச்சைப் பேசினார்கள் என்பதை ஊரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வளவின் பின்பக்கத்தால் வரவிடுவதும், தோளில் சால்வையோடு போகவிடாமல் தடுப்பதும் ஒரே நிலவுடைமையின் இரு கைகள்.

தெரு சட்டப்படி பொதுவான பிறகும் எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதில்லை. எங்கள் சமையலறையில் மலையாளிகளே அதிகம், வைக்கம் என்றால் அவர்களுக்கும் தெரியும். திருவிதாங்கூரில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்கள் பொதுத்தெருக்களே. ஆயினும் ஈழவரும் புலையரும் அவற்றில் நடக்கமுடியாது. 1924 மார்ச் 30 இல் அங்கே சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஈ.வெ.ராமசாமி போய் இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு 1936 இன் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரை காத்திருந்தது. கோயிலுக்குள் போவதற்கல்ல, தெருவில் நடப்பதற்கு இருபது மாதப் போராட்டம்!

பிரித்தானியர் வந்தபின் தெரு மேலிருந்து இறங்கியது. 1840 இன் கட்டளைச் சட்டம் காடும் தரிசும் முடிக்குரியவை என்று ஊகித்தது, இல்லையென்று நிரூபிப்பது குடியானவன் பாடு. 1848 இல் தேசாதிபதி டொரிங்டன், 18 முதல் 55 வயது வரையான ஆண்கள் வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய்யவேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றார். அவ்வருடத்து மாத்தளைக் கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். சுதந்திரத்தின் பின் 1950 இன் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் வந்தது. இரண்டாம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டவேண்டும். நான்காம் பிரிவின் கீழ் ஆட்சேபம் கேட்கவேண்டும். ஐந்தாம் பிரிவின் கீழ் அமைச்சர் 'பொதுத்தேவை' என்று பிரகடனம் செய்தால் அதுவே முடிந்த முடிவு. அவசரம் என்றால் 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தால் நட்டஈட்டுக்கு முன்னமே காணியைக் கைப்பற்றலாம்.

இங்கே சலாலாவிலும் தென்னையும் வாழையும் பப்பாளியும் நிற்கும் தோட்டங்களுக்கிடையே ஒடுங்கிய பாதைகள் உண்டு. பாதையின் அகலத்தில் தகராறு வந்தால் ஏழு முழம் விடுக என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் இருக்கிறது. ஏறத்தாழப் பத்தரை அடி, எமது மாட்டுவண்டி ஒழுங்கைக்கும் அது காணும். பெரிய வீதிகளுக்கு அரசின் சட்டம் உண்டு. 1996 இன் ஓமான் அடிப்படைச் சட்டமும், அதற்குப் பதிலாக 2021 இல் வந்ததும், பொதுநலனுக்காகவன்றியும் நியாயமான நட்டஈடின்றியும் ஒருவரின் சொத்தை எடுக்கலாகாது என்கின்றன. எங்கள் பெயரில் இங்கே ஒரு குழி நிலமும் இல்லை, நடக்கத் தெரு மட்டும் உண்டு. தோபார் யுத்தத்தில் (1965–1975) சலாலாவை வடக்கோடு இணைத்த தும்ரைத் பாதையை மலையிலிருந்த கிளர்ச்சிக்காரர் வெட்டினார்கள் என்று அறியும்போது, 2002 இல் திறந்து 2006 ஓகஸ்டில் பூட்டுண்ட ஏ-9 நினைவுக்கு வராமல் இருக்குமா?

1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் எழும்பியபோது வீடுகளோடு வீதிகளும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கிலும் கிழக்கிலும் 6,381 ஏக்கரை எடுக்க, உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று இரண்டாம் பிரிவு அறிவித்தல் ஒட்டினார்கள். அந்த உரிமையாளரில் பலர் சில மைல் தூரத்தில், நலன்புரி முகாம்களில் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். பின்னர் காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. திரும்பிப் போனவர்களுக்கு வீடில்லை என்பது மட்டும் துயரமல்ல. ஒழுங்கையும் இல்லை. ஒழுங்கை எல்லையாக எழுதிய உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டவெளியில் நின்றால் தன் காணி எங்கே தொடங்குகிறது என்று எப்படிக் காட்டுவது? ஒழுங்கை போனால் அதன் இரு மருங்கிலுமுள்ள அத்தனை காணிகளின் எல்லைகளும் சேர்ந்தே போகின்றன.

2025 ஏப்ரல் 10 இல் வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகும் வீதியைத் திறந்தார்கள். திறந்தபோது நிபந்தனைகளும் வந்தன: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை மட்டும், வாகனத்தை இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, நடந்து போகக்கூடாது. சட்டத்தின் கண்ணில் இது உரிமையா, அனுமதியா? நிபந்தனைகளை வாசித்தால் அனுமதி. ஆனால் 1990 க்கு முன்னர் அது பொதுவீதி. நாம் மேலே கண்ட பழைய விதியின்படி முப்பத்துநான்கு வருடம் யாரும் நடக்காததால் அது பொதுவீதியல்லாமற் போய்விடாது. அதன் ஓரத்துக் காணிகளின் உறுதிகளில் எல்லை இன்னமும் 'பலாலி வீதி' என்றுதான் எழுதியிருக்கிறது.