பெல்ட்டை விட்ட விசிறி

செஞ்சிக்கு அருகிலுள்ள எங்கள் அனந்தபுரத்தில், மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் ஒரு காலத்தில் அம்பாசடர் கார்தான். மேளக்காரர்களுக்குப் பின்னால் ஆமை போல் ஊர்ந்து வரும் கார், பாதி வழியில் ஆவி கக்கத் தொடங்கும். ஓட்டுநர் நியூட்ரலுக்கு மாற்றி, ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறும விடுவார். சூடேறிய எஞ்சினை மேலும் விரட்டினால் அது எப்படிக் குளிரும்? சிறு வயதில் எழுந்த இந்த ஐயம் கல்லூரியில் இயற்பியல் படித்தபோதுதான் எனக்குத் தீர்ந்தது.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்நீர் ஏற்றுக்கொண்டு ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுக்கிறது. அம்பாசடரின் விசிறியையும் நீர்ப் பம்பையும் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த ஃபேன் பெல்ட். ஊர்வலத்தில் எதிர்க்காற்று கிடையாது. விசிறியைத்தான் நம்ப வேண்டும். அப்போதோ எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் விசிறியும் சோம்பிக் கிடக்கிறது. ஓட்டுநர் உறும விட்டது இரண்டையும் விரைவுபடுத்தவே! நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும். விசிறி வீணாகச் சுழல்கிறது. விசிறிக்கு வேண்டிய திறன் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயரும். நிமிடத்துக்கு 800 சுற்று 4000 ஆனால் வேகம் 5 மடங்கு, திறன் 125 மடங்கு. அவ்வளவும் நம் பெட்ரோல்தான்.

இந்தப் பெல்ட்டை விட நேர்ந்தது எஞ்சின் குறுக்காகத் திரும்பியதால். 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினி காரில் எஞ்சின் குறுக்கே அமர்ந்தது. பெல்ட் விசிறியை விடாமலிருக்க ரேடியேட்டரைப் பக்கவாட்டில் வைத்தார். 1969இல் வந்த டான்ட்டே ஜியாகோசாவின் ஃபியட் 128இல் ரேடியேட்டர் மீண்டும் முன்னால் வந்தது. விசிறிக்குத் தனி மின்மோட்டார் அமைந்தது. நம் நாட்டில் இம்முறையை ஊர் ஊராகப் பரப்பியது, 1983 டிசம்பர் 14 அன்று முதல் வண்டி கைமாறிய மாருதி 800.

மோட்டாருக்கு ஆணையிடுவது ஒரு வெப்ப ஸ்விட்ச். நீர் 95 டிகிரி செல்சியசை எட்டினால் இணைப்பு, 90க்கு இறங்கினால் துண்டிப்பு என்று வைத்துக்கொள்வோம். இடையில் இந்த 5 டிகிரி எதற்கு? இரண்டும் ஒன்றாயின் விசிறி நொடிக்கொரு முறை நின்று நின்று ஓடும், தொடுமுனைகள் தீய்ந்துவிடும். 12 வோல்ட்டில் 120 வாட் மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. ஆகவே சிறிய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் இயக்க, பெருமின்னோட்டம் ரிலே வழியே செல்வதே நல்லது. பெரிய மோட்டாரை மாட்டினால் ஒயரும் ஃபியூசும் அதற்கேற்ப மாற வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்விட்ச் கெட்டால் சாவியோடு 'டைரக்ட்' கொடுப்பது பட்டறை வழக்கம். அவசரத்துக்குச் சரி. ஆனால் விசிறி பழையபடி, தேவையிருந்தாலும் இல்லாவிட்டாலும் சுழலும்.

இன்னொன்று. எஞ்சினை நிறுத்தியதும் நீரோட்டம் நின்று, எஞ்சினுள் தேங்கிய நீர் சிறிது நேரம் மேலும் சூடேறும். சாவியை எடுத்த பிறகும் விசிறிக்கு மின்சாரம் கிடைக்கும் கார்களில், நின்றிருந்த விசிறி திடீரென்று சுழலக்கூடும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனி அப்படித்தான் போயிற்று. இப்போதெல்லாம் பானெட்டைத் திறந்ததும் அவர் முதலில் கழற்றுவது பாட்டரி ஒயரைத்தான்.