பகடை யார் கையில் இருந்தது? 1974-ஆம் ஆண்டு விதிநூலின் ஒரு வாக்கியத்தை முன்வைத்து

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் பாத்திரத்தின் வலிமை, புத்தி, விவேகம், தேகதிடம், லாகவம், வசீகரம் ஆகிய ஆறு குணங்களுக்கும் எண் வகுக்கும் முறை, குருட்டு விதியின் ஆட்சியில் தொடங்கி, ஆடுவோரின் சுதந்திரத்தை நோக்கிப் படிப்படியாக முன்னேறியது என்பது இத்துறையில் ஏறக்குறைய சித்தாந்தமாகவே நிலைத்துவிட்ட அபிப்பிராயம். மூன்று பகடைகளை வரிசை மாறாமல் உருட்டுவது பழமை, நான்கை உருட்டிக் குறைந்ததைத் தள்ளுவது இடைநிலை, பகடையே இன்றிப் புள்ளிகளைப் பங்கிட்டுக்கொள்வது நவீனம் என்ற இந்த ஏணி பார்வைக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் அதன் முதற்படி எந்த வாக்கியத்தின்மேல் ஊன்றப்பட்டிருக்கிறதோ, அந்த வாக்கியத்தை நிதானமாகப் படித்தால் ஏணி நிற்பது அரிது என்றே எனக்குப் படுகிறது.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவர் பெயரிலும் 1974-இல் வெளிவந்த மூன்று சிறு நூல்களுள் முதலாவதான ‘மென் அண்ட் மேஜிக்’ இவ்விஷயத்தில் விதிப்பது இதுதான்: ஆடுவோர் பாத்திரத்தைத் தேர்ந்துகொள்வதற்கு முன்னர், நடுவர் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்டி, ஆறு குணங்களையும் மதிப்பிட வேண்டும். உருட்டுபவர் நடுவர், ஆடுபவர் அல்லர். இதை எழுத்துப்பிழை என்றோ, அவசரத்தில் அச்சேறிய நூலின் கவனக்குறைவு என்றோ ஒதுக்கிவிடுவது முந்தைய ஆராய்ச்சியில் ஒரு சாராரின் வழக்கம். நூலில் பிழைகள் மலிந்திருப்பதை நானும் மறுக்கவில்லை. எனினும், பிழை என்று ஒரு சொல்லைத் தள்ளுமுன் அது சுற்றுப்புறத்தோடு முரண்படுகிறதா என்று பார்ப்பதே பாடபரிசோதனையின் முதல் தர்மம். இங்கே முரண்பாடு ஏதும் காணோம். அடுத்து வரும் பகுதி, ஆடுவோர் ஒவ்வொருவரும் தமக்குரிய எண்களைக் குறித்துக்கொள்வர், அதே போன்ற மூன்று பகடை உருட்டலால் கையிருப்புப் பொன்னைப் பெறுவர் (விழுந்த எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும்), அதன்பின் தம் தொழிலைத் தெரிவு செய்வர் என்று காரியங்களை வரிசைப்படுத்துகிறது. குறித்துக்கொள்வதும் தெரிவதும் ஆடுவோருக்கு, மதிப்பிடுவது நடுவருக்கு. இவ்வளவு ஒழுங்கான பிரிவினை தற்செயலாக நேர்ந்ததென்று நம்புவதைவிட, அது எழுதியவரின் கருத்தே என்று கொள்வது எளிது.

அந்த எண்கள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் நோக்கினால் இக்கருத்து பின்னும் உறுதிப்படுகிறது. தொழிலுக்குரிய பிரதான குணம் 13 அல்லது 14 ஆனால் ஈட்டும் அனுபவத்தில் நூற்றுக்கு 5 கூடும். 15 அல்லது அதற்கு மேற்பட்டால் 10 கூடும். 9 முதல் 12 வரை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. 6 அல்லது அதற்குக் கீழ்ப்பட்டால் 20 குறையும். தேகதிடமும் லாகவமும் ஓரிரு இடங்களில் ஒரு புள்ளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். வலிமை 18 உடைய வீரன், வலிமை 9 உடையவனைக் காட்டிலும் வாளால் துல்லியமாகவோ பலமாகவோ வெட்டினான் என்பதற்கு அந்நூலில் ஆதாரமே கிடையாது. அச்சலுகை மறு ஆண்டு வெளிவந்த ‘கிரேஹாக்’ அனுபந்தத்தில்தான் வருகிறது. ஆகவே நடுவர் உருட்டிக் கொடுத்தது ஒரு ஜீவனின் தலையெழுத்து அன்று; அவன் எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பொருத்தமானவன் என்ற சான்றிதழ் மட்டுமே.

நூல் தரும் மாதிரிப் பாத்திரமே இதற்குச் சாட்சி. சைலார்த்தன் என்ற அந்தப் பாத்திரத்துக்கு வலிமை 6, புத்தி 11, விவேகம் 13. விவேகம் பிரதானமான மதகுருவாகியிருந்தால் அவன் விரைந்து முன்னேறியிருப்பான் என்று நூலே ஒப்புக்கொண்டு, மந்திரத்தின்மேல் உள்ள சொந்த விருப்பத்தால் மந்திரவாதியானான் என்று முடிக்கிறது. நூற்றுக்கு 5 என்ற அனுகூலத்தை ஒருவன் மனமறிந்து உதறுவதைத்தான் ஆசிரியர்கள் முதல் உதாரணமாக நம் முன் வைத்தார்கள். விதியின் சர்வாதிகாரத்தைப் போதிக்க வந்த நூல் இப்படி ஓர் உதாரணத்தை ஏன் தேட வேண்டும்?

கைகாக்ஸின் ஊரான லேக் ஜெனீவாவில் மேசையைச் சுற்றி அமர்ந்தோர் தாமே பகடை உருட்டியிருப்பார்களே என்பார் உண்டு, இருக்கட்டும். நூல் என்ன விதித்தது என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மாறுதல் எங்கே நேர்ந்தது என்பதை 1978, 1979 ஆகிய ஆண்டுகளின் நூல்களில் தேட வேண்டும். ஒரு பாத்திரம் பிழைத்திருப்பதற்குக் குறைந்தது இரண்டு குணங்களிலாவது 15 அல்லது அதற்கு மேல் இருப்பது பெரும்பாலும் இன்றியமையாதது என்று ஆடுவோருக்கான கையேட்டில் கைகாக்ஸ் எழுதினார். அடுத்த ஆண்டு நடுவருக்கான நூலில் நான்கு முறைகளை வகுத்தார். அந்நான்கையும் அவருடைய நிபந்தனையாலேயே அளந்து பார்த்தேன். வெறும் மூன்று பகடைகளால் நூற்றுக்குப் பத்துப் பாத்திரங்களே அதில் தேறுகின்றன. நான்கு பகடைகளில் ஒன்றைத் தள்ளும் முதல் முறையில் தேறுவோர் 42. பன்னிரண்டு தடவை உருட்டிச் சிறந்த ஆறைக் கொள்ளும் இரண்டாம் முறையில் 31. ஒவ்வொரு குணத்துக்கும் ஆறு தடவை உருட்டிப் பெரியதைக் கொள்ளும் மூன்றாம் முறையில் 83. பன்னிரண்டு பாத்திரங்களுக்கு உருட்டி ஒன்றைப் பொறுக்கும் நான்காம் முறையில் 72. உலகமே தழுவிக்கொண்ட முதல் முறை, ஆசிரியர் அவசியமென்று சொன்னதைப் பாதிப் பேருக்குக்கூட அளிப்பதில்லை! பெரிய எண்களே ஆடுவோரின் நாட்டமாக இருந்திருந்தால் அவர்கள் மூன்றாம் முறையை அல்லவா பற்றியிருப்பார்கள்? ஆனால் மூன்றாம் முறையில் எண்கள் விழுந்த இடத்திலேயே நிற்கும்; முதல் முறையிலோ விழுந்த எண்ணை வேண்டிய குணத்தில் இருத்திக்கொள்ளலாம். முப்பத்தாறு உருட்டலின் சலிப்புதான் காரணம் என்ற ஆட்சேபத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் இடமாற்றும் உரிமையே வென்றது என்பது என் துணிபு. எண்கள் தொழிலைச் சுட்டிய நிலை போய், தொழில் எண்களைத் தன் வசதிக்கு அடுக்கிக்கொள்ளும் நிலை அங்கேதான் பிறந்தது.

புள்ளிப் பங்கீட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் 15, 14, 13, 12, 10, 8 என்ற ஆயத்த வரிசை, இனச் சலுகைகளைக் கூட்டுமுன், 1978-இன் நிபந்தனையில் தேறாது என்பதை மட்டும் வேடிக்கையாகக் குறிக்கலாம். முன்னேற்றம் என்று கருதுவோர் அதற்குச் சமாதானம் தேடிக்கொள்ளட்டும்.

1974-இன் வரிசை முழுவதும் தலைகீழானதற்கு அப்பதிப்பு வரை செல்ல வேண்டிய அவசியமும் இல்லை. 1985-இல் வெளிவந்த ‘அன்எர்த்டு ஆர்க்கேனா’ மனிதப் பாத்திரங்களுக்கென ஐந்தாவதாக ஒரு முறையைச் சேர்த்தது. அதன்படி ஆடுபவர் முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். அத்தொழிலுக்கேற்ப ஒவ்வொரு குணத்துக்கும் மூன்று முதல் ஒன்பது வரை பகடைகள் வழங்கப்படும். அவற்றுள் சிறந்த மூன்று மட்டும் எண்ணப்படும். போர்வீரன் தன் வலிமைக்கு ஒன்பது பகடைகளை அள்ளுகிறான். முன்பு 216-இல் ஒரு தடவை விழுந்த 18, இப்போது ஏறத்தாழ ஆறு தடவைக்கு ஒன்றாக விழுகிறது. தொழிலை முன்கூட்டியே அறிவித்துவிட்ட அவனிடம், நீ எதற்குப் பொருத்தமானவன் என்று சொல்வதற்கு அந்த ஒன்பது பகடைகளுக்கும் எதுவும் இல்லை.