வீட்டு அலங்காரச் சிலைகள்: கிரேக்க, ரோமானியத் தொன்மம்

கிரேக்க, ரோமானியத் தொன்மங்களில் வரும் தெய்வங்கள், வீரர்கள், வனதேவதைகள் ஆகியோரை வழிபாட்டுக்காக அன்றி வீட்டின் அழகுக்காக வடித்து வைக்கும் சிற்பங்கள். வெண்கலம், பளிங்கு, பீங்கான், பாரிஸ் சாந்து ஆகியவற்றில் செய்யப்பட்டன. பெரும்பாலானவை புகழ்பெற்ற மூலச் சிலைகளின் படிகள். ஆகவே இவற்றின் வரலாறு பெருமளவுக்குப் படியெடுக்கும் தொழிலின் வரலாறே.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய பொம்பெயி, எர்குலேனியம் நகரங்கள் வீட்டில் அழகுக்காகச் சிலை வைக்கும் பழக்கத்துக்கு முதன்மைச் சான்று. அங்குள்ள வீடுகளில் காவல் தெய்வங்களுக்குத் தனிச் சாமி மாடம் உண்டு. முற்றத்திலும் தோட்டத்திலும் நின்ற சிலைகள் பார்த்து மகிழ்வதற்கு. பொம்பெயியின் பெருவீடு ஒன்றில் 1830இல் கிடைத்த, 71 செ.மீ. உயரமுள்ள ஆடும் ஃபான் என்னும் வனதேவதையின் வெண்கலச் சிலை அந்த வீட்டுக்கே பெயராகிவிட்டது. எர்குலேனியத்தின் பாப்பிரஸ் மாளிகையிலிருந்து 80க்கும் மேற்பட்ட சிற்பங்கள் வெளிவந்தன. கிரேக்க வெண்கலங்களின் மேல் அச்செடுத்து, அந்தச் சாந்து வார்ப்பைப் பார்த்துப் பளிங்கில் செதுக்குவது ரோமானியப் பட்டறைகளின் வழக்கம். நேப்பிள்சுக்கு அருகே பையேயில் 1954இல் அகப்பட்ட வார்ப்புத் துண்டுகள் இதைக் காட்டின.

எந்தத் தெய்வம் எந்த இடத்துக்கு என்பதில் உடைமையாளர்கள் கண்டிப்பாக இருந்தனர். தம் தஸ்குலம் மாளிகைக்கு ஏற்ற சிலைகளைக் கிரேக்கத்திலிருந்து அனுப்பும்படி நண்பர் அட்டிகசுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதியவர் ரோமானியப் பேச்சாளர் சிசரோ. வேறொரு நண்பர், மதுக்கடவுள் பாக்கசின் அடியார்களான பெண்களின் சிலைகளை அவருக்காக வாங்கிவிட்டபோது சலித்துக்கொண்டார். கலைத்தேவியரான மியூஸ்கள் என்றால் நூலகத்துக்குப் பொருந்தும், இவர்களை எங்கே வைப்பது என்று கேட்டார். சமாதானத்துக்காக நின்ற தமக்குப் போர்க்கடவுள் மார்ஸ் எதற்கு என்றும் கடிந்தார். சிலை வீட்டுக்காரரின் மனத்தைக் காட்டிக்கொடுக்கும் என்ற எண்ணம் அன்றே ஊறியிருந்ததற்கு இக்கடிதங்கள் அருமையான சான்று.

பின்னர் நெடுங்காலம் தளர்ந்திருந்த மரபு 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் மீண்டும் தழைத்தது. மாண்டுவாவின் கொன்சாகா குடும்பத்துக்காக வேலைசெய்த சிற்பி அன்டிகோ, வாத்திக்கனில் இன்று நிற்கும், 2 மீட்டருக்கும் மேல் உயரமான அப்போலோவை ஏறத்தாழ 40 செ.மீ. வெண்கலமாகச் சுருக்கினார், கூந்தலுக்குப் பொன்முலாம், கண்களுக்கு வெள்ளி. கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ரசிக்கும் சிற்பம் அது. பழைய வேலைகளின் புதிய வார்ப்புகளைத் தர முடியும் என்று 1519இல் அவர் அக்குடும்பத்தின் இசபெல்லா தெஸ்தேவுக்கு எழுதினார். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியைச் சுற்றிப்பார்க்க வந்த செல்வர்களுக்கு ரோமின் சோஃபோலி, ரிகெத்தி பட்டறைகள் விலைப்பட்டியல் போட்டே சிறு வெண்கலங்களை விற்றன.

பெரிய திருப்பம் ஓர் இயந்திரத்தால் வந்தது. பாரிசில் அஷீல் கொலா உருவாக்கிய சுருக்குப் பொறியில், ஒரு முனையின் ஊசி மூலச் சிலையின் மேடுபள்ளங்களைத் தடவிச் செல்லும். மறுமுனையின் கூர் அதே அசைவைச் சிறிய அளவில் சாந்துக் கட்டியில் செதுக்கும். 1838இல் அவரோடு கூட்டுச் சேர்ந்த ஃபெர்தினான் பார்பெதியன், மீலோஸ் தீவில் 1820இல் கிடைத்து பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு வந்த வீனசைப் பல அளவுகளில் வெண்கலமாக்கி விற்றார். இங்கிலாந்தில் 1840களில் ஸ்டாஃபர்ட்ஷயர் ஆலைகள் பளிங்கை ஒத்த பேரியன் பீங்கானைக் கொண்டுவந்தன. சிற்பி ஜான் கிப்சனின் நார்சிசஸ் உருவத்தை லண்டன் கலைச் சங்கம் அதில் சிறிதாகச் செய்வித்துச் சந்தாதாரர்களுக்குப் பரிசாக அளித்தது. அதுவும் எட்டாத வீடுகளுக்கு, இத்தாலியின் லூக்கா பகுதி மலையூர்களிலிருந்து கிளம்பியவர்கள் சாந்துச் சிலைகளைப் பலகையில் அடுக்கித் தலையில் சுமந்து, அயல்நாட்டுத் தெருக்களில் நடந்து விற்றனர். சாமானியர் வீட்டுக்குள் வீனசையும் அப்போலோவையும் கொண்டுசேர்த்ததில் இவர்கள் பங்கு பெரிது. கொரேலியா அந்தெல்மினெல்லி ஊரில் இவர்களுக்கென ஓர் அருங்காட்சியகம் உள்ளது.

இந்தப் பெருக்கத்தோடு, வெண்மையே இச்சிலைகளின் இயல்பு என்ற எண்ணமும் வலுத்தது. உண்மையில் பழைய பளிங்குச் சிலைகள் வண்ணம் பூசப்பட்டவை. வண்ணம் உதிர்ந்து எஞ்சியதே வெள்ளை. இதை அறிந்த கிப்சன் தம் வீனசுக்கு மேனி நிறம் ஏற்றி 1862 லண்டன் கண்காட்சியில் வைத்தபோது கடும் விவாதம் எழுந்தது.

இன்று சந்தையில் மிகுதியாகக் கிடைப்பவை, பளிங்குத் தூள் கலந்த பிசினை அச்சில் ஊற்றிச் செய்பவை. எடையும் விலையும் குறைவு. ஆனால் முகத்தின் நுட்பம் பெரும்பாலும் மழுங்கிவிடுகிறது. மூலத்திலிருந்து நேரே எடுத்த அச்சின் துல்லியத்தை நாடுவோருக்காக, 1794இல் லூவரில் தொடங்கிய வார்ப்புப் பட்டறை இன்றும் சாந்துப் படிகளைச் செய்து விற்கிறது.