1.65-உம் 2.3-உம்: பருத்தித் தாளின் கறுப்பை எங்கிருந்து பார்க்கிறோம்?

பருத்தி இங்க்ஜெட் தாள்களைக் கறுப்பு-வெள்ளை அச்சுக்காக ஒப்பிடும் எழுத்துகளில் ஒரே ஓர் எண் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அது, தாள் எட்டக்கூடிய உச்ச அடர்த்தியான டிமேக்ஸ். மேட் பூச்சுள்ள பருத்தித் தாளில் நிறமி மை பொதுவாக 1.6 முதல் 1.7 வரை தருகிறது. பேரைட்டா வகை மெருகுள்ள பருத்தித் தாளில் அது 2.2-ஐத் தாண்டிவிடுகிறது. இந்த இடைவெளியைக் கொண்டு மேட் தாளின் கறுப்பைச் சாம்பல் என்று ஒதுக்கும் ஆய்வுப் போக்கு நெடுநாளாக இருந்துவருகிறது. அந்த அளவீடுகளில் பிழை இல்லை. அவற்றைப் படித்த விதத்தில்தான் பிழை இருப்பதாகக் கருதுகிறேன்.

அளவு எடுக்கப்படும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். அடர்த்திமானியில் விளக்கொளி தாளின் மேல் 45 பாகையில் விழுகிறது. உணரி நேர் மேலிருந்து பார்க்கிறது. மெருகுத் தாளின் பரப்பில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் எதிர்ப்பக்கம் போய்விடும். உணரிக்கு அது தெரிவதே இல்லை. மேட் பரப்போ அதே ஒளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுகிறது. அதில் ஒரு பங்கு உணரிக்குள் வந்து சேர்கிறது. ஆக, மேட் தாளின் 1.65-க்குள் பரப்பின் பளிச்சிடலும் அடங்கியிருக்கிறது. மெருகுத் தாளின் 2.3-இல் அது கழிக்கப்பட்டுவிட்டது. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் கழித்தல் கணக்குப் போடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

ஹானமூலே போட்டோ ராக் 308, கான்சன் பிளாட்டைன் ஃபைபர் ராக் 310 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் முழுப் பருத்தி. முன்னது மேட், பின்னது பேரைட்டாச் சாயல் கொண்டது. முன்னதற்கு 1.65, பின்னதற்கு 2.3 என்று வைத்துக்கொண்டால், முதல் தாளின் கறுப்பு தன்மேல் விழும் ஒளியில் 2.24 விழுக்காட்டையும், இரண்டாவது 0.5 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. நான்கு மடங்குக்கு மேல் வேறுபாடு. இப்போது படத்தைச் சுவரில் மாட்டுவோம். மெருகுப் பரப்பு, தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைப் பிரதிபலிக்கும். பார்ப்பவருக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். அதன் ஒளிர்வு, படம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் கிடைக்கும் ஒளிர்வில் பாதி. அந்தச் சுவர் படத்தின் கறுப்பின் மேல் 2 விழுக்காடு ஒளியை ஏற்றுகிறது. 0.5-உடன் 2 சேர்ந்தால் 2.5. அடர்த்தியாக மாற்றினால் 1.6. அதாவது மேட் தாளுக்கும் சற்றுக் கீழே.

இந்த விளைவை எல்லா அறைக்கும் பொதுவாக்க மாட்டேன். எதிர்ச்சுவர் இருண்டு, விளக்கு மேலிருந்து சாய்வாக விழும் காட்சிக்கூடத்தில் 2.3 என்பது கண்ணுக்கும் உண்மையே. அங்கே மெருகுத் தாளின் ஆழத்தை மேட் தாள் நெருங்கவே முடியாது. ஆனால் அது அறையின் சிறப்பு. அதைத் தாளின் நிலையான குணமாகப் பட்டியலில் எழுதிவைப்பதற்கு என்ன ஆதாரம்? படத்துக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டுவிட்டால் அதன் இரு பரப்புகளும் தலா 4 விழுக்காட்டைத் திருப்புவதால், முன்சொன்ன அறையில் இரு தாள்களின் கறுப்பும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். பிரதிபலிப்புத் தெரிந்தால் பார்ப்பவர் ஓரடி நகர்ந்து நிற்கலாமே என்பது வழக்கமான மறுப்பு. நகர்ந்து நின்றால்தான் கிடைக்கும் கறுப்பைப் படத்தின் கறுப்பு என்று என்னால் ஏற்க இயலவில்லை.

உச்ச அடர்த்தி குறைவு என்பதாலேயே படம் வலுவிழக்கும் என்பதற்கும் வரலாறு இடம் தரவில்லை. வில்லியம் வில்லிஸ் 1873-இல் காப்புரிமை பெற்ற பிளாட்டினம் அச்சுமுறையின் அடர்த்தி பெரும்பாலும் 1.5-ஐ ஒட்டியே நின்றது. பிரெடெரிக் எவன்ஸ் 1903-இல் எடுத்த வெல்ஸ் தேவாலயப் படிக்கட்டுப் படம் அம்முறையில் அச்சானதுதான். அந்தப் படிகள் அலையாக எழுவது நிழலுக்குள் நிழல் பிரிந்து தெரிவதால். ஆயினும் மேட் பருத்தித் தாளைப் பிளாட்டினத்தின் வாரிசு என்பதும் மிகை. பிளாட்டினம் தாளின் இழைக்குள்ளேயே படிந்தது. இங்க்ஜெட் மை பருத்தியைத் தொடுவதில்லை. இழைக்கு மேலுள்ள நுண்துளைச் சிலிக்காப் பூச்சிலேயே அது நின்றுவிடுகிறது. கறுப்பை முடிவுசெய்வது அந்தப் பூச்சு. ராக் என்ற பெயரில் மட்டுமே கந்தல் இருக்கிறது. கூழில் இருப்பது பெரும்பாலும் பருத்தி விதையில் ஒட்டி நிற்கும் குறும்பஞ்சு.

எனவே தாள்களை ஒப்பிட வேண்டிய இடம் நிழலின் கடைசிப் படிகள். மேட் பூச்சில் மை ஓர் அளவைத் தாண்டினால் அடர்த்தி ஏறுவதில்லை. சில தாள்களில் இறங்கவும் செய்யும். குவாட்-டோன்-ரிப் மென்பொருளில் அச்சிடுவோர் மைப்படிகளை அச்சிட்டு, அந்தத் திருப்பத்தைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னேயே மைக்கு வரம்பு கட்டுகிறார்கள். வரம்பு கட்டாத அச்சில் 90 விழுக்காட்டுக்கும் 100 விழுக்காட்டுக்கும் இடைப்பட்ட படிகளைச் சன்னலோரம் பிடித்துப் பாருங்கள்: ஒரே கறை. வரம்பு சரியாக அமைந்தால் கறுப்பு மேலங்கியின் மடிப்பு கூடத் தனியே தெரியும். டிமேக்ஸ் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம்.

வெள்ளையைப் பற்றிச் சுருக்கமாக. போட்டோ ராக்கில் சிறிதளவு ஒளிர்வூட்டி உண்டு, பிளாட்டைனில் இல்லை. வேட்டிக்குப் போடும் நீலம் மஞ்சளை விழுங்கும். ஒளிர்வூட்டியோ புற ஊதாவை வாங்கி நீல ஒளியாக வெளியிடும். அது நாளடைவில் சோர்ந்தால் வெள்ளை மஞ்சளை நோக்கிச் சாயும். புற ஊதாவை விலக்கி ஒருமுறையும் சேர்த்து ஒருமுறையும் அளக்காத ஒப்பீட்டை நான் நம்புவதில்லை.

கறுப்பில் பருத்தி நேரடியாகத் தலையிடும் இடம் ஒன்று உண்டு. வெட்டிய தாளின் விளிம்பிலிருந்து உதிர்ந்த நுண்ணிழை பூச்சின் மேல் ஒட்டியிருக்கும். மை அதன் மேல் விழும். காய்ந்தபின் இழை உதிர, அடர்கறுப்பின் நடுவே ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி நிற்கும். அச்சுப்பொறியில் இடுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் சாய்த்துப் பிடித்து மென்தூரிகையால் துடைக்கும் பழக்கம் இதனால் வந்தது. நான் பார்த்த எந்த டிமேக்ஸ் பட்டியலிலும் இந்தப் புள்ளிகளுக்கு ஒரு பத்தி இல்லை.