களத்துப் பலகை தந்த சொல்



உயர்தர வகுப்பிலே ஒருநாள் மொழிபெயர்ப்புப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பந்தியொன்றில் 'ட்ரிபியுலேஷன்' என்ற பழைய சொல் வந்தது. 'துன்பம்' என்று எழுதுங்கள் என்றேன். "அப்படியென்றால் 'ட்ரபிள்' என்பதற்கு என்ன எழுதுவது, சேர்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. அகராதிகளைப் புரட்டிய பின்னரே இரண்டும் வேறு வேறு இடத்துப் பிள்ளைகள் என்பது புலனாயிற்று.

'ட்ரபிள்' கலங்கலைக் குறிக்கும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. தெளிந்த நீரைக் கலக்கிவிட்டால் என்ன ஆகுமோ, அதுவே அதன் அடிப்படைப் பொருள். 'ட்ரிபியுலேஷன்' என்பதோ சூடடிக்கும் களத்திலே பிறந்தது. 'ட்ரிபுலம்' என்பது உரோமர் கதிரடிக்கப் பயன்படுத்திய கனத்த பலகை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வார்ரோ தமது வேளாண்மை நூலில் அதை விவரிக்கிறார்: பலகையின் அடியிலே கற்களையோ இரும்பையோ பதித்துக் கரடுமுரடாக்குவர், மேலே ஓட்டுபவன் ஏறி நிற்பான், அல்லது பாரம் ஏற்றப்படும், எருதுகள் அதை இழுக்கும்போது கதிரிலிருந்து மணி கழன்றுவிடும்.

இந்தக் களத்துச் சொல்லை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் இலத்தீன் கிறிஸ்தவர்கள். கிரேக்க வேதநூலிலே 'நெருக்குதல்' என்ற பொருளுடைய சொல் துன்பத்தைக் குறித்தது. அதற்கு ஈடாக இவர்கள் சூடடித்தலைத் தேர்ந்தார்கள். கி.பி. 410இல் உரோம் நகர் சூறையாடப்பட்டபோது, நல்லவரும் தீயவரும் ஒன்றாக அல்லற்பட்டது ஏன் என்ற வினா எழுந்தது. புனித அகுஸ்தீன் 'இறைவனின் நகரம்' என்ற நூலில் அந்தப் பலகையைக் காட்டியே விடை சொன்னார்: ஒரே பலகையின் கீழேதான் வைக்கோல் நொறுங்குகிறது, தானியம் தூய்மையாகிறது.

ஸ்பானிய மொழியிலே அதே இலத்தீன் வினை, கதிரடித்தலைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகக் களத்திலேயே தங்கிவிட்டது. அங்கே கற்கள் பதித்த அத்தகைய பலகைகள் 20ஆம் நூற்றாண்டு வரை புழக்கத்தில் இருந்தன. ஆங்கிலேயருக்கோ பலகை வந்து சேரவில்லை. பிரெஞ்சு வழியாகச் சொல் மட்டுமே வந்தது. 14ஆம் நூற்றாண்டின் விக்ளிஃப் விவிலியத்திலும் 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்திலும் அது கம்பீரமாக வீற்றிருந்தது.

ஆனால் அதற்கு முதல் ஆண்டே, 1610இல், பென் ஜோன்சன் 'இரசவாதி' என்ற நாடகத்திலே ஒரு போதகருக்கு 'ட்ரிபியுலேஷன் ஹோல்சம்' என்று பெயர் வைத்தார். 'நலம் தரும் துன்பம்' என்று பொருள் கொள்ளலாம். துன்பத்தைப் பெயரிலே சுமக்கும் அந்த மனிதர் பொன் செய்யும் வித்தையை நாடி மோசடிக்காரரின் வாசலுக்கு வருகிறார். கேலி கூர்மையானது. இன்று 'ட்ரயல்ஸ் அண்ட் ட்ரிபியுலேஷன்ஸ்' என்ற இணைமொழியிலே, சிறு தொல்லைகளுக்கும் அரைச் சிரிப்போடு வழங்கும் நிலைக்கு அச்சொல் இறங்கியிருக்கிறது.

இவ்வளவையும் மறுநாள் வகுப்பிலே சொன்னேன். அதே மாணவி மீண்டும் எழுந்தாள். "நெல்லுக்குச் சரி, சேர். வைக்கோலாய்ப் போன ஆக்களுக்கு என்ன ஆறுதல்?"

எனக்கு 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வு நினைவுக்கு வந்தது. பொதிகளோடு வன்னிக்கு வந்து சேர்ந்த எங்களிடம், எதையும் இழக்காத ஒருவர், "கஷ்டந்தான் மனிசரைப் பக்குவப்படுத்தும்" என்றார். என் அம்மா பதில் பேசவில்லை. அதே கருத்தை அம்மா பல ஆண்டுகளின் பின், தன் வாழ்க்கையை நினைத்துத் தானாகவே சொன்னபோது, எனக்குக் கண் கலங்கியது.

அதுவே நான் மாணவிக்குச் சொன்ன விடை. பலகையின் கீழே கிடந்தவர் சொன்னால் அச்சொல் உறுதி. பலகையின் மேலே நின்று ஓட்டுபவர் சொன்னால் அது கொடுமை. ஜோன்சன் சிரித்தது துன்பத்தைப் பார்த்தல்ல. படாத துன்பத்தைப் பட்டமாகச் சூடியவரைப் பார்த்து.

ஆகவே மொழிபெயர்க்கும்போது, அச்சொல்லை யார் சொல்கிறார் என்பதை முதலில் பாருங்கள். தமிழ்ச் சொல்லைப் பிறகு தேடலாம்.