பீப்பாயில் இட்ட பூ

ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ. கொதிக்கும் சாற்றில் இட்டால் பீருக்குக் கசப்பு ஏறும். மணமோ ஆவியோடு போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், லண்டனுக்குக் கிழக்கே ஹாட்ஜ்சன் காய்ச்சிய பீர் கல்கத்தாவுக்குக் கப்பலேறியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம்! வழியில் புளித்தால் போட்ட முதல் கடலோடு போகும். ஹாப்ஸுக்குப் புளிப்புக் கிருமிகளை அடக்கும் குணம் உண்டு. ஆகவே இந்தியாவுக்கு அனுப்பும் பீப்பாய்களில் உலர்ந்த பூவைக் காய்ச்சாமல் அப்படியே திணித்தார்கள். காவலுக்குப் போன பூ மணத்தையும் கொடுத்தது.

1963-இல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டாமென்று பிரிட்டன் விதியைத் தளர்த்தியது. இன்று அங்கே வீட்டில் காய்ச்சுகிறவர்கள் அதே பூவைத் துணிப்பையில் கட்டி, நொதித்து அடங்கிய பீரில் சில நாள் ஊறவிடுகிறார்கள். கப்பல் இல்லை, அச்சமும் இல்லை. அச்சம் வளர்த்த பழக்கம் மணத்துக்காகவே வாழ்கிறது.