ஆல்காலிலிருந்து ஃபோர்ட்ரானுக்கு

ஒரு பாலம் எந்தெந்த அதிர்வெண்களில் ஆடும்? ஒரு மூலக்கூறின் ஆற்றல் மட்டங்கள் எவை? வேறு வேறு கேள்விகளாகத் தோன்றினாலும், கணக்கில் இறங்கினால் இரண்டும் ஓர் அணியின் ஐகன் மதிப்புகளைக் காண்பதில் வந்து நிற்கின்றன. அணி சிறியதானால் தாளில் போட்டுவிடலாம். நூறு நிரைகள் இருந்தால் கணிப்பொறிதான் கதி.

இதற்கான சிறந்த நிரல்களை இங்கிலாந்துத் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வில்கின்சனும், ஜெர்மனியின் ரைன்ஷும் 1971 இல் நூலாகத் தொகுத்தனர். அவை ஆல்கால் 60 என்னும் மொழியில் இருந்தன. அமெரிக்க ஆய்வுக்கூடங்களிலோ 1957 இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஃபோர்ட்ரானே பெருவழக்கு. எனவே சிகாகோவுக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில் ஒரு குழு இந்நிரல்களை ஃபோர்ட்ரானுக்கு மாற்றியது. ஐஸ்பேக் என்ற தொகுப்பு இவ்வாறு பிறந்தது.

சொல்லுக்குச் சொல் மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். ஒரு வகுப்பில் ஆசிரியர், “10 முதல் 9 வரையுள்ள கணக்குகளைச் செய்க” என்று தவறிச் சொல்லிவிட்டதாகக் கொள்வோம். ஒரு மாணவன், அப்படி ஒரு கணக்கும் இல்லை என்று பேனாவைக் கீழே வைத்துவிடுகிறான். இன்னொருவன் பத்தாவது கணக்கைப் போட்டுவிட்டு, பிறகுதான் வரம்பைப் பார்க்கிறான். முதல்வன் ஆல்கால், இரண்டாமவன் அக்காலத்து ஃபோர்ட்ரான்.

1966 ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் விதிப்படி, திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையில் தொடக்க எண் இறுதி எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இருந்துவிட்டால் பல கணிப்பொறிகள் வேலையை ஒரு முறை செய்தே தீரும். அணிக் கணக்கிலோ இந்நிலை அடிக்கடி வரும். “இந்த உறுப்புக்கு வலப்புறம் உள்ளவற்றைக் கூட்டு” என்கிறோம். நிரையின் கடைசி உறுப்புக்கு வலப்புறம் ஏது? ஃபோர்ட்ரான் அணிக்கு வெளியே நினைவகத்தில் கிடக்கும் ஏதோ ஓர் எண்ணை எடுத்துக் கூட்டிவிடும். பிழை என்று எந்த அறிவிப்பும் வராது. எட்டு இலக்கத்தில் அழகான விடை வரும். அது தவறான விடை! இதைத் தடுக்கவே ஐஸ்பேக் நிரல்களில் பல இடங்களில், அணியின் அளவு ஒன்றானால் இப்பகுதியைத் தாண்டிச் செல் என்பது போன்ற காவல் வரிகள் இருக்கின்றன. 1978 இல் ஏற்கப்பட்ட ஃபோர்ட்ரான் 77 தான் இக்குறையை நீக்கியது.

மாற்றிய நிரல் சரிதானா என்று அறிவது அடுத்த சிக்கல். ஐ.பி.எம். 360 போன்றவை 16 ஐ அடியாகக் கொண்டும், வேறு சில 2 ஐ அடியாகக் கொண்டும் எண்களைக் குறித்தன. எனவே விடைகளின் கடைசி இலக்கங்கள் பொறிக்குப் பொறி மாறும். பழைய விடையோடு ஒப்பிட்டுப் பயனில்லை. ஆர்கான் குழுவினர் இயற்பியல் மாணவன் செய்வதையே செய்தனர்: கிடைத்த ஐகன் மதிப்பையும் திசையனையும் மூலச் சமன்பாட்டில் இட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தனர். மொழிபெயர்ப்பாளருக்கு இரு மொழிகள் மட்டுமின்றிக் கணிதமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது என்பதே என் கருத்து.

இன்னொரு வேடிக்கை. ஆல்காலில் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு இறங்கி எண்ணலாம். பழைய ஃபோர்ட்ரானில் ஏறத்தான் முடியும். ஆகவே ஐஸ்பேக்கில் 2 முதல் என் வரை ஏறும் ஓர் எண்ணை வைத்து, அதை என்+2 இலிருந்து கழித்து, இறங்கும் எண்ணைப் பெற்றார்கள். படிப்பவர் குழம்பாதிருக்க, அதற்கு மேலேயே “ஃபார் ஐ = என் ஸ்டெப் -1 அன்டில் 2 டூ” என்ற ஆல்கால் வரியைக் குறிப்புரையாக விட்டுவைத்தனர். கணிப்பொறி அந்த வரியைப் படிப்பதேயில்லை.